கேட் தேர்வுக்கு இன்டெக்ஸ் பகுதியைப் படித்த விதம்

முதுநிலைப் பொறியியல் படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வின் கணினி அறிவியல் தாளுக்குத் தயாரானபோது, டேட்டாபேஸ் பாடத்தில் டேபிள்களைச் சீராகப் பிரிக்கும் நார்மலைசேஷனுக்கு வாரக்கணக்கில் செலவழித்துவிட்டு, வேண்டிய ரெக்கார்டை விரைவில் கண்டுபிடிக்க உதவும் இன்டெக்ஸ் பகுதியை இரண்டே மாலைகளில் புரட்டி முடித்தேன். இன்டெக்ஸை மர வடிவில் அடுக்கும் பி பிளஸ் ட்ரீ தேடலை வேகமாக்கும் என்று தெரிந்தால் போதும் என எண்ணியிருந்தேன். மாதிரித் தேர்வு ஒன்றில், எத்தனை பிளாக்குகளை (வட்டிலிருந்து ஒரே தடவையில் படிக்கும் பகுதிகளை) படிக்க வேண்டும் என எண்ணாக விடை கேட்டபோது கை ஓடவில்லை.

அதன்பின் எதையும் தாளில் கணக்கிட்டுப் பார்க்காமல் கடப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பிளாக் 4096 பைட், கீயும் (தேடும் மதிப்பு) பாயின்டரும் (அடுத்து போக வேண்டிய இடத்தின் முகவரி) தலா 8 பைட், மரத்தின் ஒரு கணு ஒரு பிளாக் எனில், கீழ்நிலைக்கு வழிகாட்டும் உள்கணுவில் 256 பாயின்டரும் 255 கீயும் சேர்ந்து 4088 பைட்டில் அடங்கும். இன்னொரு இணையைச் சேர்த்தால் 4104 ஆகிவிடும். மரத்தின் கடைசி நிலையான இலைக்கணுவில் ஒவ்வொரு கீக்கும் ஒரு ரெக்கார்டு பாயின்டர், அடுத்த இலைக்கு ஒரு பாயின்டர் என்பதால் அங்கே 255 இணைகள்தாம். கணுக்கள் நிரம்பியிருந்தால் மூன்று நிலைகளில் 256 × 256 × 255, அதாவது 1,67,11,680 ரெக்கார்டுகள்; அவற்றில் ஒன்றைத் தேட மூன்று இன்டெக்ஸ் பிளாக்கும் ஒரு டேட்டா பிளாக்கும் போதும். ரெக்கார்டு 100 பைட் என்றால் பிளாக்குக்கு 40 வீதம் அதே டேபிள் 4,17,792 பிளாக்குகளில் கிடக்கும். இன்டெக்ஸ் இல்லாவிடில் கடைசி பிளாக்வரை புரட்ட வேண்டி வரலாம். நான்கு, 4,17,792 என்ற இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்த்த அன்றுதான் பாடம் எனக்குப் பிடிபட்டது. கணுவின் கொள்ளளவைக் குறிக்கும் 'ஆர்டர்' என்ற சொல்லுக்குப் புத்தகத்துக்குப் புத்தகம் பொருள் மாறுவதால், கேள்வியில் தந்த வரையறையை முதலில் அடிக்கோடிடுங்கள். நான் மதிப்பெண் இழந்ததெல்லாம் பெரும்பாலும் அங்கேதான்.

ஒன்றுக்கு மேற்பட்ட புலங்களைச் சேர்த்து இடும் கூட்டு இன்டெக்ஸை மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் செய்துதான் புரிந்துகொண்டேன். ஐந்து லட்சம் ரெக்கார்டுகள் கொண்ட மாணவர் டேபிளில் துறை, சேர்ந்த தேதி என்ற வரிசையில் இன்டெக்ஸ் இட்டு, தேதியை மட்டும் கொடுத்து எல்லாப் புலங்களையும் கேட்டேன். கேள்வியை எப்படி நிறைவேற்றப்போகிறது என்று சொல்லும் எக்ஸ்ப்ளைன் கட்டளை 'ஆல்' என்று காட்டியது, அதாவது முழு டேபிளையும் படிக்கப்போகிறது. தலைப்பெழுத்தை வைத்துத் தொலைபேசிக் கையேட்டில் ஆளைத் தேடுவது போன்ற வேலை அது. துறையையும் சேர்த்துக் கொடுத்தவுடன் இன்டெக்ஸ் பயன்பட்டது. சமக்குறி (=) நிபந்தனையில் வரும் புலம் முன்னால், 'இதிலிருந்து இதுவரை' என்ற வரம்பு நிபந்தனையில் வரும் புலம் பின்னால் என்ற வழக்கம் இதிலிருந்து வருவதே. தேதிப் புலத்தின்மேல், ஆண்டை மட்டும் எடுக்கும் 'இயர்' ஃபங்ஷனைப் போட்டாலும் சாதாரண இன்டெக்ஸ் வீணாகும். ஜனவரி 1 முதல் அடுத்த ஜனவரி 1க்கு முன்புவரை என்று வரம்பாக எழுதினால் பயன்படும்.

ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீயாக மின்னஞ்சல் முகவரியை வைத்திருந்ததையும் பிறகு மாற்றினேன். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பொறியான இன்னோடிபியில் மற்ற ஒவ்வோர் இன்டெக்ஸும் பிரைமரி கீயைச் சுமப்பதால், நீளமான கீ எல்லாவற்றையும் பருக்கச் செய்யும். அதுவும் ஒரு கணுவில் எத்தனை கீ அடங்கும் என்ற பழைய கணக்குதான்.