கோரையாற்றங்கரையில் இரண்டு பகலும் ஓர் இரவும்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் காவிரி டெல்டாப் பக்கத்து ஆறுகள் வெறும் மணலாகக் கிடக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறந்து ஜனவரி 28ஆம் தேதி மூடுவது பல ஆண்டு வழக்கம். மூடிய பிறகு ஆறு மெல்ல வற்றி, மாசி முடிவதற்குள் கரையும் காய்ந்து வண்டி ஓடும் அளவுக்கு இறுகிவிடும். அந்தக் கரைகளின் மேல் ஓடும் கப்பிச் சாலைகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது போய், எங்காவது ஓர் இரவு வெட்டவெளியில் படுத்துவிட்டு வருவதை நான் விடாமல் வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள மூணாறு தலைப்பிலிருந்து புறப்பட்டோம். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடம் அது. அங்கே கோரையாற்றின் கரையைப் பிடித்துக்கொண்டு முத்துப்பேட்டை வரை போவதாகத் திட்டம். நெடுஞ்சாலையில் போனால் அரை நாள்கூட வேண்டாத தூரத்துக்கு நாங்கள் இரண்டு பகலும் ஓர் இரவும் எடுத்துக்கொண்டோம்.

உடன் வந்தவன் என் தம்பி. அவன் கனடாவில், சஸ்காட்செவன் மாகாணத்தின் ரெஜினா நகரில் இருக்கிறான். விடுமுறை கிடைத்தால் அங்குள்ள புல்வெளிச் சமவெளியின் மண்சாலைகளில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்க் கூடாரம் அடிப்பவன். ஒரு கோடையில் நானும் அவனோடு போயிருக்கிறேன். 1871இல் தொடங்கிய நில அளவையில் அந்தச் சமவெளி முழுவதையும் ஒரு மைல் சதுரங்களாகக் கோடு கிழித்துவிட்டார்கள். வடக்கு தெற்காக மைலுக்கு ஒரு சாலை, கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒரு சாலை என்பது கணக்கு. வழி தவறினாலும் ஏதாவது ஒரு மூலையில் திரும்பினால் மறுபடியும் தெரிந்த சாலைக்கு வந்துவிடலாம். தூரத்தில் தானியக் கிடங்கின் உயரமான கட்டடம் தெரிந்தால் அங்கே ஓர் ஊர் உண்டு, அல்லது முன்பு இருந்தது என்று அறிந்துகொள்ளலாம்; மன்னார்குடிக் கோபுரத்தை வைத்து நாம் திசை அறிந்துகொள்வதைப் போலத்தான்.

சமவெளி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்போடு வந்தவனுக்கு முதல் நாள் காலையிலேயே வேறுபாடு புரிந்துவிட்டது. இங்கே சாலையின் போக்கை முடிவு செய்வது தண்ணீர். ஆறு வளைந்தால் கரையும் வளைகிறது. எதிர்க்கரையில் ஐம்பது அடி தூரத்தில் தெரிகிற தேநீர்க் கடைக்குப் போக வேண்டுமென்றால் அடுத்த சட்ரஸ் பாலம், அதாவது தண்ணீரை அடைக்கும் மதகுப் பலகைகள் கொண்ட பாலம், வரும் வரை ஓட்டியாக வேண்டும். கைப்பேசி வரைபடத்தில் எங்களுக்கு ஒரு பாலம் தெரிந்தது. போய்ப் பார்த்தால் அது சைக்கிளும் ஆளும் மட்டுமே கடக்கக்கூடிய நடைபாலம். வண்டியைத் திருப்பக் கரையில் அகலம் இல்லை. வந்த வழியே ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்னோக்கியே ஓட்டினேன். முந்தின இரவு பெய்த கோடை மழையின் ஈரம் அந்தப் பகுதியில் இன்னும் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

பின் சக்கரம் ஒன்று கரையின் ஓரத்தில் இறங்கியது. எங்கள் களிமண்ணை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது வண்டியை வழுக்கிவிடுவதோடு நிற்காது, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பூச்சு ஏறி, டயரின் வரிகள் மறைந்து, பிறகு சக்கரத்துக்கும் மேலேயுள்ள மட்கார்டுக்கும் இடையிலுள்ள வெளி முழுவதையும் அடைத்துக்கொண்டு, கடைசியில் சக்கரமே சுற்ற முடியாமல் நின்றுவிடும். மழைக்குப் பின் தங்கள் ஊர் மண்சாலைகளிலும் இதே கதைதான் என்றும், அந்தக் களியை அங்கே 'கம்போ' என்பார்கள் என்றும் தம்பி சொன்னான். மண்வெட்டியால் சுரண்டினால் மண்வெட்டியிலும் அது ஒட்டிக்கொண்டது. அப்போது மதகைப் பார்க்க வந்த லஸ்கர் (பாசனத் துறையின் மதகுக் காவலர்) ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"தம்பி, வண்டிய முடுக்காதீங்க. முடுக்க முடுக்க மண்ணு உள்ளதான் இழுக்கும். வெயில் ஏறட்டும், அதுவா விட்டுடும்."

அவர் சொன்னபடியே காத்திருந்தோம். பதினொரு மணிக்கு மேல் மேற்பரப்பு வெளுத்து, சக்கரத்தில் அப்பியிருந்த களி ஓடு ஓடாகப் பெயர்ந்தது. இரண்டு வைக்கோல் பிரிகளைச் சக்கரத்தின் அடியில் திணித்ததும் வண்டி ஏறிவிட்டது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணாக இருந்தால் தண்ணீர் சீக்கிரம் இறங்கியிருக்கும். பழைய டெல்டாவின் களியில் மழைக்கு மறுநாள் காலையில் கரையேறக் கூடாது என்பதை நான் மறந்திருக்கக் கூடாது.

இரவு தங்க இடம் தேடும்போது தம்பி கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்து கிடந்த அறுத்த வயல்களைக் காட்டி, இத்தனை வெற்று நிலம் இருக்கும்போது எதற்குத் தேட வேண்டும் என்று கேட்டான். நான் அவனை வரப்பில் இறக்கி, குனிந்து பார்க்கச் சொன்னேன். சம்பா அறுத்த தாள்களுக்கு நடுவே, விரல் உயரத்தில், மூன்று மூன்று இலைகளாக உளுந்து நின்றது. அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாட்களுக்கு முன்பே, நெற்பயிர் நிற்கும்போதே, ஈரத்தில் விதையைத் தெளித்துவிடுவார்கள். மண்ணில் மிஞ்சியிருக்கும் ஈரத்தையும் இரவுப் பனியையும் குடித்தே அது காய்த்துவிடும். சாலையிலிருந்து பார்த்தால் தரிசாகத் தெரிகிற வயலில் அடுத்த விளைச்சல் நிற்கிறது. வெளியூரிலிருந்து கார்களில் வருகிறவர்கள் படம் எடுப்பதற்காக வண்டியை வயலில் இறக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. யாருடைய நிலம் என்று கேட்டு, அவரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். இதுவரை யாரும் எனக்கு மறுத்ததில்லை.

அன்று எங்களுக்கு இடம் கொடுத்தது ஓர் ஆட்டுக்கிடை. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வருகிறார்கள். பகலில் மேய்த்துவிட்டு, இரவில் பயிரில்லாத வயலில் வலை கட்டி மறிக்கிறார்கள். நிலத்துக்காரர் இரவுக்கு இவ்வளவு என்று பணமாகவோ நெல்லாகவோ கொடுப்பார். 'ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்' என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மாதக்கணக்கில் திறந்த வெளியில் வாழ்கிற இவர்களிடம் கற்றுக்கொண்ட அளவுக்கு, கூடாரம் விற்கிற கடைகளில் நான் எதையும் கற்றதில்லை.

நாங்கள் வைக்கோல் போரின் மறைவில் கூடாரத்தை விரிக்கத் தொடங்கியதும் மூத்த கீதாரி எழுந்து வந்தார்.

"அங்குட்டுப் படுக்காதீக தம்பி. போருக்கு எலி வரும், எலிக்கு விரியன் வரும். கெடைக்குத் தெக்கால போட்டுக்கங்க, காத்து அங்கிட்டிருந்துதான் வருது, வாடை அடிக்காது."

அவர்களுடைய வீடு என்பது பனையோலை வேய்ந்த ஒரு கூண்டு, குட்டிகளை அடைக்கும் குடாப்புகள், நான்கு பாத்திரங்கள், இரண்டு நாய்கள். அவருடைய மனைவி மண் அடுப்பைக் காற்று படாத பக்கம் பார்த்துப் பதித்து, சுற்றிலும் ஒரு முழத்துக்குத் தாளைச் செதுக்கிவிட்டுத்தான் தீ மூட்டினார். எங்களுக்கும் சுக்குக் காப்பி வந்தது. நடுச்சாமத்தில் ஆடுகளின் சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தேன்: முந்நூறு ஆடுகளையும் எழுப்பி, வலையைப் பிடுங்கிப் பக்கத்தில் நட்டு, எரு ஒரே இடத்தில் குவியாதபடி கிடையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். டார்ச் வெளிச்சம் பட்ட இடத்தில் முந்நூறு சோடிக் கண்களும் ஒரே நேரத்தில் மினுங்கின. தம்பி விடியும் வரை அவர்களோடு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் தெற்கே போகப் போகத் தென்னந்தோப்புகள் வந்தன. 2018 நவம்பர் 16ஆம் தேதி அடித்த கஜா புயலில் விழுந்த மரங்களின் இடத்தில் வைத்த கன்றுகள் பல இடங்களில் காய்ப்புக்கு வந்துவிட்டன. அடிபம்புத் தண்ணீர் கரித்ததால், கொண்டுபோன இருபது லிட்டர் கேனைத்தான் நம்ப வேண்டியிருந்தது. கரையின் உயரம் குறைந்துகொண்டே வந்து, முத்துப்பேட்டைக்கு அப்பால் அலையாத்திக் காடு பச்சைக் கோடாகத் தெரிந்த இடத்தில், தரையோடு தரையாகிவிட்டது. அதற்கு மேல் படகுதான். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினோம். உமரிச் செடிகளுக்கு நடுவே வெளுத்துக் கிடந்த உப்புத் தரையில், மட்கார்டின் உள்ளே மிஞ்சியிருந்த கறுப்புக் களி காய்ந்து ஒவ்வொரு சில்லாக உதிர்ந்துகொண்டிருந்தது.