கையெழுத்து என்னுதுதான் சார்

"இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டேன். "ஆமா சார், என்னுதுதான்" என்றார் அந்த அம்மா. மொத்தமே இவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. மூன்று வருடம் ஆகப் போகிறது, இன்னும் அந்த அரை நிமிடத்தை உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேட்ட விதத்தில் தப்பில்லை. குரலை உயர்த்தவில்லை, நிற்க வைக்கவும் இல்லை. உட்காரச் சொல்லி, கோப்பைத் திருப்பி, அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் கேட்டேன். அவர் குனிந்து பார்த்தார். பதில் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. அதுதான் என்னைப் படுத்துகிறது. அறிவொளி இயக்கம் வந்த காலத்தில் ராத்திரி வகுப்புக்குப் போய்ப் பெயர் எழுதக் கற்றுக்கொண்டவர் அவர். தெருக்கூட்டிவிட்டு வந்து, சம்பளப் பட்டியலில் மற்றவர்கள் மைப்பெட்டியைத் தேடும்போது, இவர் பேனாவை வாங்கி ஒவ்வோர் எழுத்தாக வைப்பார். கடைசி எழுத்து எப்போதும் கட்டத்துக்கு வெளியே போய் நிற்கும். அந்தப் பக்கத்திலும் அப்படியே நின்றது.

ஏழாவது ஊதியக் குழுவுக்கு ஃபிக்ஸேஷன், அதாவது ஊதிய நிர்ணயம், போட்டவர்கள் யாரும் அந்த 2017 கடைசி மாதங்களை மறந்திருக்க மாட்டார்கள். அரசாணை 303, அக்டோபர் 11. புதிய ஊதியம் 1.1.2016 முதல் கருத்தியலாக, அதாவது கணக்கில் மட்டும், பணமாக 1.10.2017 முதல். பழைய அடிப்படை ஊதியத்தையும் தர ஊதியத்தையும் கூட்டி 2.57-ஆல் பெருக்கி, அட்டவணையில் அதற்குச் சமமான கட்டத்தில், இல்லையென்றால் அடுத்த கட்டத்தில் வைக்க வேண்டும். சொல்லும்போது எளிதுதான். 4,800-ம் 1,300-ம் சேர்ந்து 6,100, பெருக்கினால் 15,677, ஆக 15,700 என்று அடிமட்டக் கணக்கைப் புதிதாக வந்தவர்களுக்குப் பாடம்போலச் சொல்லிக் கொடுத்தேன். கஷ்டம் ஆளுக்கு ஆள் மாறும் இடத்தில்தான். நம்மிடம் இன்கிரிமென்ட் தேதி நாலு: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். நடுவில் ஒரே பதவியில் பத்து வருடம் முடித்தவருக்குத் தேர்வு நிலை, இருபது வருடம் முடித்தவருக்குச் சிறப்பு நிலை என்ற ஊதிய உயர்வுகள். எந்தத் தேதியிலிருந்து புதிய ஊதியத்துக்கு வருவது என்று ஊழியர் விருப்பம் தெரிவிக்க வேண்டும். எந்தத் தேதி லாபம் என்று எங்களுக்கே கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அவர்களில் பாதிப் பேர், "உங்களுக்கு எது நல்லதுன்னு தோணுதோ அதைப் போட்டுடுங்க சார்" என்றார்கள். போட்டோம்.

அந்த அம்மா ஜனவரி 1 இன்கிரிமென்ட்காரர். 2015 டிசம்பரில் அவருக்கு 9,640. ஜனவரி 1-ம் தேதி பழைய விகிதத்தில் மூன்று சதவீதம், அதாவது 290 சேர்த்தால் 9,930. அதை 2.57-ஆல் பெருக்கினால் 25,520. அட்டவணையில் அதற்குரிய கட்டம். இதுவரை சரி. அதற்கு அடுத்த வரியில், அதே ஜனவரி 1-க்கு, புதிய ஊதியத்திலும் ஒரு இன்கிரிமென்ட் ஏற்றப்பட்டிருக்கிறது. ஒரே இன்கிரிமென்ட் இரண்டு தடவை. எஸ்.ஆரில், அதாவது அவருடைய பணிப் பதிவேட்டில், அந்த வரி நீல மையில் இருக்கிறது. எழுத்து என்னுடையது. கண்காணிப்பாளர் கீழே சுருக்கொப்பம் போட்டிருக்கிறார். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

எப்படி நடந்தது என்று எனக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. நூற்றுக்கணக்கான எஸ்.ஆர்., மூன்று மாத அவகாசம், ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்த நாட்கள். இதைச் சொன்னால் சாக்குப்போலத்தான் கேட்கும். சாக்குதான். ஆனால் பொய்யில்லை.

உள்ளாட்சி நிதித் தணிக்கை ஒவ்வொரு வருடமும் வந்தது. அவர்கள் எல்லா எஸ்.ஆரையும் புரட்டுவதில்லை. புரட்டுவது ஓய்வூதியக் கருத்துரு, அதாவது ஓய்வூதியம் கோரும் கோப்பு, போகும்போதுதான். அப்போது பணியில் சேர்ந்த நாளிலிருந்து வரிவரியாகப் பார்ப்பார்கள். பார்த்தார்கள். 60 வயது முடிந்து, 2023 ஜூனில் மாலை போட்டு அனுப்பிய பிறகு கருத்துரு திரும்பி வந்தது. மாதம் எழுநூற்றுச் சொச்சத்தில் ஆரம்பித்த வித்தியாசம், டி.ஏ. சேர்ந்து, இன்கிரிமென்ட்டோடு வளர்ந்து, 69 மாதத்தில் 62,000-ஐத் தாண்டியிருந்தது. மறு நிர்ணயம் செய்து, அதிகம் போன தொகைக்கு என்ன நடவடிக்கை என்று தெரிவிக்கச் சொல்லியிருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயம். கருத்தியலாக 1.1.2016, பணமாக 1.10.2017 என்று போட்டதில் 21 மாதப் பணம் எல்லோருக்கும் இல்லாமல் போனது. அதை யாரும் 'குறைவாக வழங்கப்பட்ட தொகை' என்று கணக்கில் எழுதவில்லை. அது கொள்கை முடிவு, இது தவறு, இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த 69-ஐக் கூட்டும்போது 21 நினைவுக்கு வந்தது.

தவறுதலாக அதிகம் கொடுத்த சம்பளத்தைத் திரும்பப் பிடிக்கும் இந்த மாதிரி வழக்குகளில் நாங்கள் முதலில் தேடுவது ரஃபீக் மசீ தீர்ப்பைத்தான். பஞ்சாப் அரசு வழக்கு, உச்ச நீதிமன்றம், டிசம்பர் 2014. தலைப்பிலேயே அவர் பெயருக்குப் பக்கத்தில் 'ஒயிட் வாஷர்' என்று அடைப்புக்குள் இருக்கும், வெள்ளையடிக்கிறவர். சி, டி பிரிவு ஊழியர்களிடம் பிடிக்கக் கூடாது. ஓய்வு பெற்றவரிடமோ ஒரு வருடத்துக்குள் ஓய்வு பெறப் போகிறவரிடமோ பிடிக்கக் கூடாது. ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து போன தொகையைப் பிடிக்கக் கூடாது. இன்னும் இரண்டு உண்டு. அந்த அம்மாவுக்கு இந்த மூன்றுமே பொருந்தியது. ஒன்று பொருந்தினாலே போதும்.

அப்புறம் 2016-ல் ஜக்தேவ் சிங் தீர்ப்பு. ஊதியத் திருத்தத்தின்போதே, அதிகம் பெற்றிருந்தால் திருப்பித் தருகிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்றது. அவர் ஓய்வு பெற்றவர்தான், அது காப்பாற்றவில்லை. ஆனால் அவர் யார்? ஒரு சிவில் நீதிபதி. தான் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போடுவதையே தொழிலாகக் கொண்டவர். அவருக்குச் சொன்னதைத் தெருக்கூட்டுகிறவருக்கும் அப்படியே பொருத்துவதா என்று வாதாட இடம் இருக்கிறது. வாதாட ஆள் வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் 2017-ல் விருப்பப் படிவத்தோடு அந்த உறுதிமொழியையும் வாங்கினோம். வாங்கியது நான்தான். ஒரு காலை வேளையில் வருகைப் பதிவு முடிந்ததும் அவர்கள் இடத்துக்கே போய், ஒரு பெஞ்சு மேல் படிவங்களை அடுக்கி, போடவேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொண்டுபோயிருந்தேன். வண்டி கிளம்பும் நேரம். "இது எதுக்கு சார்?" என்று ஒருத்தர் கேட்டதற்கு, "சம்பளம் ஏறுறதுக்கு" என்றேன். அதுவும் பொய்யில்லை.

கைநாட்டு வைத்தவர்களின் படிவங்களில் மட்டும் கீழே ஒரு வரி சேர்த்தோம்: படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டு ரேகை வைத்தார், சாட்சி இன்னார். அந்த வரியும் சடங்குதான், யாருக்கும் படித்துக் காட்டவில்லை. ஆனால் கைநாட்டாக இருந்தால் உண்மையில் படித்துக் காட்டினீர்களா என்று ஒரு கேள்வியாவது எழுப்பலாம். கையெழுத்துப் போட்டவருக்கு அந்தக் கேள்வியும் கிடையாது. பெயர் எழுதத் தெரிந்தவருக்குப் படிக்கவும் தெரியும் என்று கோப்பு தானாகவே எடுத்துக்கொள்ளும். ராத்திரி வகுப்புக்குப் போகாமலே இருந்திருந்தால் அந்த அம்மாவுக்கு ஒரு வாதம் கூடுதலாக இருந்திருக்கும்.

ஆணையருக்கு நோட் எழுதவேண்டியது என் வேலை. எனக்கு முன்னால் இருந்த வழிகளை எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். ரஃபீக் மசீயை மட்டும் எழுதி, உறுதிமொழியைப் பற்றிப் பேசாமல் விட்டிருக்கலாம். அது மறைப்பு. தணிக்கையில் படிவத்தைக் கேட்டிருந்தால் எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்திருக்கும். இரண்டு தீர்ப்பையும் எழுதி, பொருத்தப்பாடு குறித்துச் சட்ட ஆலோசகரின் கருத்து பெறலாம் என்று முடித்திருக்கலாம். இது மறைப்பு இல்லை, எந்த விதியும் தடுக்கவில்லை. ஓய்வூதியம் இரண்டு மூன்று மாதம் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான். நான் செய்தது மூன்றாவது. உறுதிமொழி இருக்கிறது என்று எழுதினேன். அதோடு, 'அதிலுள்ள கையொப்பம் தம்முடையது என நேரில் ஒப்புக்கொண்டார்' என்றும் எழுதினேன்.

அந்த வரியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. தணிக்கைக் கடிதத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. பின்னால் மறுத்துவிடக் கூடாதே என்று நானாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மறுக்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியாதா?

தாமதம் ஆகக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பணம் வராமல் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். விஷயம் முடிந்தால் ஓய்வூதியம் ஆரம்பிக்கும், பிடித்தம் போக மீதிப் பணிக்கொடை கைக்கு வரும், அவருக்கும் அதுதானே நல்லது? வீட்டில் சொன்னபோது இப்படித்தான் சொன்னேன். சக ஊழியர் ஒருவர் மட்டும், "பிடிக்கலேன்னா யார்கிட்ட பிடிப்பாங்க?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அதற்கும் பதில் எனக்குத் தெரியும். ஊழியரிடம் வசூலிக்க முடியாது என்று முடிவானால், தவறான நிர்ணயத்துக்குப் பொறுப்பானவர் யார் என்று அடுத்த கேள்வி வரும். நீல மை. கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டார். நோட் எழுதிய அன்று இதை நினைத்தேனா? நினைக்கவில்லை என்றுதான் எழுத ஆரம்பித்தேன். இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மனசுக்குள் எங்கோ இருந்திருக்கலாம். அதற்காகவே செய்தேன் என்றும் இல்லை. தவறு என்னுடையது என்று நோட்டில் ஒரு வரி எழுதவில்லை என்பது மட்டும் உறுதி. 'நிர்ணயத்தில் தவறுதலாக ஓர் ஊதிய உயர்வு கூடுதலாக அனுமதிக்கப்பட்டுள்ளது' என்று எழுதினேன். அனுமதிக்கப்பட்டுள்ளது. யாரால் என்று சொல்லவேண்டிய அவசியமில்லாத தமிழ் நம் அலுவலகங்களில் நிறைய இருக்கிறது.

ஆணையர் ஒப்புதல் கொடுத்தார். பணிக்கொடையில் பிடித்தம். உத்தரவு நகலை வாங்க வந்தபோது அந்த அம்மா கேட்டது, "பிடிச்சது போக எவ்வளவு வரும் சார்?" என்று மட்டும்தான். சொன்னேன். "யூனியன்ல ஒருதடவ கேட்டுப் பாருங்கம்மா, கோர்ட்டுக்குப் போனா திரும்பக் கிடைக்க வாய்ப்பிருக்கு" என்றும் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், பக்கத்து மேசைக்குக் கேட்காதபடி. "கோர்ட்டுக்கெல்லாம் யாரு சார் போறது" என்றார். நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. தீர்ப்பின் நகல் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் வந்து நிற்கிறேன். அரசுக் கோப்பில் எதிர்த் தரப்புக்கு ஆதாரம் கொடுத்தவன் ஆகியிருப்பேன். ஆனால் அது ஊர் அறிந்த தீர்ப்பு, ரகசியம் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு உறுதிமொழி எதையும் படித்துக் காட்டாமல் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பெரும்பாலும் கடைப்பிடிக்கிறேன். வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் கடைப்பிடிக்கவில்லை.

ஓய்வூதியர் நேர்காணலுக்கு அந்த அம்மா வருடா வருடம் வருகிறார். போன தடவை என் மேசைக்குத்தான் வந்தார். படிவத்தை அவர் பக்கம் தள்ளி, "இருங்கம்மா, என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறேன்" என்று ஆரம்பித்தேன். நான் இரண்டாவது வரிக்கு வருவதற்குள் அவர் பேனாவை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாக வைத்து, கடைசி எழுத்தைக் கட்டத்துக்கு வெளியே நிறுத்தி, படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.