திருக்கழுக்குன்றத்தில் அம்மாவோடு

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் வேதகிரீஸ்வரர் மலைக்குப் படியேறி வருவதாக வேண்டுதல். 500க்கும் மேற்பட்ட படிகள். "டோலி வச்சுக்கலாமேம்மா" என்றதற்கு, "நீ சும்மா வாடி" என்று முன்னால் நடந்துவிட்டாள்.

அடிவாரத்தில் ஒருவர் தட்டைக் கையில் திணித்து, "சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன்" என்று விடாமல் பின்னாலேயே வந்தார். வேண்டுதலுக்கு வருகிறவர்களிடம் இப்படிப் பிடுங்க எப்படித்தான் மனசு வருகிறதோ!

வழியெல்லாம் அம்மாவுக்குக் கழுகு ஞாபகம்தான். கல்யாணமான புதிதில் அப்பாவோடு வந்து நேரில் பார்த்தவள். உச்சிவேளையில் பண்டாரம் சர்க்கரைப் பொங்கலோடு பாறையில் உட்கார்ந்திருக்க, எங்கிருந்தோ ஒன்று வட்டமிட்டு இறங்கியதாம். பின்னாலேயே இன்னொன்று. வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம், இறக்கை ஓரம் மட்டும் கறுப்பு. கை நீட்டும் தூரத்தில் நின்று கொத்திச் சாப்பிட்டுவிட்டுப் பறந்துவிட்டனவாம். காசியில் நீராடி, இங்கே அமுதுண்டு, ராமேஸ்வரம் போகிற முனிவர்கள் அவர்கள். யுகத்துக்கு இருவர்; திரேதா யுகத்தில் சம்பாதியும் ஜடாயுவும்.

1990களுக்குப் பிறகு அவை வருவதில்லை. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து ஊசியால், செத்த மாடுகளைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் நாடு முழுக்கச் செத்ததையும், 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்ததையும் சொன்னேன். அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பொங்கல் வச்ச கையாலயே விஷமும் வச்சோமா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

சந்நிதியில் தீபாராதனை. கூட்டம் நெருக்கியது, எனக்கு அரைகுறையாகத்தான் தெரிந்தது. ஆனால் அம்மா கம்பியைக்கூடப் பிடிக்காமல் நிமிர்ந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பியிருந்தாள். கற்பூர வெளிச்சத்தில் அவள் கன்னமெல்லாம் ஈரம். மாசக்கணக்கில் சுவரைப் பிடித்து நடந்தவளை அப்படி நிற்கவைத்தாயே வேதகிரீஸ்வரா! எனக்கு எந்த மந்திரமும் வாயில் வரவில்லை, "அப்பா, அப்பா" என்று மட்டும்தான்.

காலைப் பற்றிக் கேட்டாயா என்றேன். "அதான் ஏத்திட்டானே! அந்த ஜீவன்கள் திரும்ப வரணும்னு கேட்டேன்" என்றாள்.

தாழக்கோயிலில் பக்தவத்சலரையும் திரிபுரசுந்தரி அம்மனையும் தரிசித்து, சங்கு தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டோம். அடுத்த பௌர்ணமிக்கு கிரிவலம் வரணும் என்று அங்கேயே சொல்லிவிட்டாள். நடக்க வைத்தவன் அதையும் நடத்திக்கொடுப்பான். சிவாயநம.