6.12-க்கு ஹெடர் இல்லை

23 ஆகஸ்ட் 2025, சனி

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்பு வெளிவந்து இரண்டு வாரம் ஆகிறது. 12-லிருந்து இன்று மாறினேன். மேம்படுத்தல் தடங்கல் இல்லாமல் ஓடி முடிந்தது. ரீபூட் செய்தேன், டெஸ்க்டாப் வந்தது, வைஃபை வரவில்லை.

என் யூஎஸ்பி வைஃபை அடாப்டருக்கான டிரைவர், இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு வருவதில்லை. அதன் சோர்ஸை டிகேஎம்எஸ் வழியாகப் போட்டிருக்கிறேன். கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலை, அதாவது கெர்னலில் சேரும் டிரைவர் கோப்பை, புதிதாகக் கம்பைல் செய்து தருவது டிகேஎம்எஸ்ஸின் வேலை. அதனிடம் நிலையைக் கேட்டால் பழைய கெர்னலான 6.1-க்கு மட்டும்தான் 'இன்ஸ்டால்டு' என்கிறது. ஓடிக்கொண்டிருப்பதோ புதிய 6.12.

6.12-க்குக் கம்பைல் செய்ய அதன் ஹெடர், அதாவது கெர்னலின் உள் ஃபங்ஷன்களை அறிவிக்கும் கோப்புகள், வேண்டும். அதை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும். மணி 11. நாளை பார்க்கலாம்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் முதல் வேலையாக, பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் எழுதி வைத்திருந்த டெர்மினல் லாகைத் திறந்தேன். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே டிகேஎம்எஸ்ஸின் ஒரு வரி: இந்தக் கெர்னலின் ஹெடர்கள் நிறுவப்பட்டதாகத் தெரியவில்லை, அதனால் கம்பைல் செய்வதைத் தவிர்க்கிறேன். நேற்றே இது கண்ணில் பட்டிருந்தால் ரீபூட்டுக்கு முன்பே வேலை முடிந்திருக்கும். பெரிய மேம்படுத்தலுக்குப் பிறகு அந்த லாகில் 'ஹெடர்ஸ்' என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் லிப் ஃபோல்டருக்குள் இருக்கும் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குப் போனேன். ஒவ்வொரு கெர்னலுக்கும் அங்கே தனி ஃபோல்டர். 6.1-க்குள் 'பில்ட்' என்று ஒரு லிங்க் இருக்கிறது. அது ஹெடர்கள் இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. 6.12-க்குள் அந்தப் பெயரே இல்லை. வெளியிலிருந்து வரும் எந்த டிரைவரும் கெர்னலைத் தேடி அந்த 'பில்ட்' வழியாகத்தான் போகும்.

காரணம் என் பழக்கத்தில் இருக்கிறது. யூநேம் கட்டளை காட்டும் எண்ணை அப்படியே ஒட்டி ஹெடரை நிறுவுவேன். நேற்றும் ரீபூட்டுக்கு முன் அந்தக் கட்டளையைக் கொடுத்தேன். ஏற்கெனவே இருக்கிறது என்று பதில் வந்தது. யூநேம் சொல்வது அந்த நேரத்தில் ஓடும் கெர்னலின் எண்ணை. அடுத்த ரீபூட்டில் வரப்போவது அதற்குத் தெரியாது. முன்பெல்லாம் நெட்வொர்க் கேபிள் இருந்ததால் ரீபூட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ள முடிந்தது.

பேக்கேஜ் பட்டியலில் 'லினக்ஸ்-லிப்சி-டெவ்' இருந்ததைப் பார்த்து ஒரு நிமிடம் குழம்பினேன். அதுவும் ஹெடர்தான், ஆனால் சாதாரண சி புரோகிராம்களுக்கானது. மாட்யூல் கட்ட உதவாது.

நல்ல வேளை, தேவைப்படாத பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ் ஓட்டவில்லை. பழைய கெர்னல் இன்னும் இருக்கிறது. கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் 6.1-ஐத் தேர்ந்தெடுத்தேன். வைஃபை வந்தது. இந்த முறை எண் இல்லாத பேக்கேஜையே நிறுவினேன்: 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64'. 'லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64' புதிய கெர்னலை எப்படிக் கொண்டுவருமோ, அப்படியே இது அதற்குரிய ஹெடரைக் கொண்டுவரும். இரண்டும் ஜோடியாக இருந்தால்தான் சரி.

ஹெடர் இறங்கியதும் டிகேஎம்எஸ் தானாகவே 6.12-க்குக் கம்பைல் செய்யத் தொடங்கியது. அரை நிமிடத்தில் பிழை காட்டி நின்றது.

25 ஆகஸ்ட், திங்கள்

பிழை முழுவதும், கம்பைல் நடந்ததை டிகேஎம்எஸ் பதிந்து வைத்திருக்கும் மேக் லாகில் இருந்தது. டெர்மினலில் வரும் கடைசி வரி 'தோல்வி' என்பதோடு சரி, காரணம் லாகில்தான். எஸ்டிஆர்எல்சிபிஒய் என்ற ஃபங்ஷன் எங்கும் அறிவிக்கப்படவில்லையாம். ஸ்டிரிங்கை நகலெடுக்கும் அந்த ஃபங்ஷன் கெர்னல் 6.8-இல் அடியோடு நீக்கப்பட்டது. நகலெடுக்க வேண்டியது கொஞ்சமே ஆனாலும், மொத்த நீளத்தைச் சொல்வதற்காக மூல ஸ்டிரிங்கை முடிவு வரை படிக்கும். முடிவுக் குறி இல்லாத ஸ்டிரிங் என்றால் எல்லை தாண்டிப் போகும். அதன் இடத்தில் இருப்பது எஸ்டிஆர்எஸ்சிபிஒய். இடம் போதாவிட்டால் எதிர்ம எண்ணைத் திருப்பித் தரும்.

கெர்னலின் உள் ஃபங்ஷன்கள் நிலையாக இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கெர்னலோடு சேர்ந்த டிரைவர் என்றால், மாற்றம் செய்பவர்களே அதையும் சேர்த்துத் திருத்திவிடுவார்கள். வெளியே நிற்கும் டிரைவரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் டிரைவரில் அது மூன்று இடத்தில் வருகிறது. மூன்றிலும் திரும்பி வரும் மதிப்பை யாரும் பயன்படுத்தவில்லை. அதைப் பார்த்த பிறகே பெயரை மாற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் நீளத்தை நம்பியிருக்கும் வரி தவறாகிவிடும். 6.12-இன் எண்ணைக் கொடுத்து டிகேஎம்எஸ்ஸை மறுபடி ஓட்டினேன். கம்பைல் ஆனது. 6.12-இல் ரீபூட் செய்தேன், வைஃபை வந்தது.

9 செப்டம்பர், செவ்வாய்

6.12 வரிசையிலேயே அடுத்த கெர்னல் வந்தது. நான் எதையும் கையால் நிறுவவில்லை. ஹெடரும் கூடவே இறங்கியது, மாட்யூலும் தயார். ரீபூட்டுக்கு முன் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் எட்டிப் பார்த்தேன். புதிய எண்ணுக்குள் 'பில்ட்' இருந்தது.