பிடித்த தையல்

அக்டோபர் 1, 2024, செவ்வாய்

ஆறாவது நாள். அம்மாவை வார்டுக்கு மாத்திட்டாங்க. வலது கையும் வலது காலும் அசையலை. பேச்சில் மிஞ்சினது ஒரே சொல்: "இந்தா." தண்ணி வேணும்னாலும் இந்தா, கால் வலிச்சாலும் இந்தா. அண்ணன் வந்து நின்னப்போ ரொம்ப நேரம் முகத்தையே பார்த்துட்டு, "இந்தா."

டாக்டர் சின்னப் பையன். எத்தனை மணிக்கு ஆச்சுன்னு இன்னைக்கும் கேட்டார். நாலரை மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்திருந்தா மூளையில் அடைப்பு கரைய ஊசி போட வழி இருந்திருக்குமாம். ராத்திரி 10 மணிக்கு மெஷின் சத்தம் கேட்டதா எதிர்வீட்டு அக்கா சொல்றாங்க. காலையில 6.15க்குத்தான் பால்காரம்மா பார்த்திருக்காங்க. நடுவில் எட்டேகால் மணி நேரம். அதையே கூட்டிக் கழிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

அக்டோபர் 2

துணி காயப்போட்டேன், மழை. எடுத்தேன், வெயில்.

அக்டோபர் 4, வெள்ளி

ஆல்பேட்டை வீட்டுக்குப் போனேன். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் வேலை நடக்குதுன்னு பஸ்ஸெல்லாம் இப்போ ஏ.எஃப்.டி. மில் திடலில் இருந்து கிளம்புது. அப்பா ஷிப்டு ஷிப்டா உழைச்ச இடம். சாகற வரைக்கும் அவர் வாயில் அது ரோடியர் மில்லுதான். 2020ல் ஒரேயடியா மூடினதைப் பார்க்க அவர் இல்லை. அங்கே சேத்துல நின்னு கடலூர் பஸ் ஏறறேன்.

வீட்டில் மெஷின் அப்படியே இருக்கு. யாரோ ஒருத்தங்க பாவாடையோட நாடாப் பட்டி பாதி ஓடி, ஊசி துணிக்குள்ள இறங்கி நிக்குது. சக்கரத்தைச் சுத்தி ஊசியை மேலே ஏத்த மனசே வரலை. அப்புறம் ஏத்தினேன். துணியை வெளியே இழுத்தா அடிநூல் முக்கால் முழம் கூடவே வந்தது.

தீபாவளிக்கு 27 நாள். அம்மா போன் அடிச்சிக்கிட்டே இருக்கு. "எங்க ஜாக்கெட் என்னாச்சு?" விஷயம் தெரிஞ்சா "ஐயோ பாவம்"ங்கறாங்க, நாலு நொடி கழிச்சு "துணி வெட்டியாச்சா?"ங்கறாங்க. தப்பு சொல்ல மாட்டேன், தீபாவளி தீபாவளிதான். மொத்தம் 14 பை. ஒவ்வொண்ணிலும் அளவு ஜாக்கெட், துண்டுச் சீட்டு. "டீச்சர், லைனிங் 2." "பழக்கடை மருமக, கழுத்து ஆழம் வேணாமாம்." "முள்ளோடை பெரியம்மா, ஹூக்கு பெரிசா."

பதினஞ்சாவதா ஒரு பொட்டலத்துக்கு மட்டும் சீட்டு இல்லை, அளவு ஜாக்கெட்டும் இல்லை. கரும்பச்சை ரூபியா துணி. வெட்டி, ஊக்கு குத்தி வெச்சிருக்காங்க. பாயில் பரப்பிப் பார்த்தேன். முதுகுத் துண்டு மடிப்போட 10 இன்ச். அம்மா எப்பவும் உள்துணி ஒன்றரை விடுவாங்க, தளர்வு அரை. கழிச்சா எட்டு. நாலால பெருக்கினா மார்புச் சுத்து 32. காலேஜ் பொண்ணு உடம்பு. ஆனா முன்கழுத்து ஆழம் அஞ்சரைதான், கை முழங்கையைத் தொடுது. எந்தக் காலேஜ் பொண்ணு இப்படித் தைச்சுக்குவா?

அக்டோபர் 6, ஞாயிறு

ராத்திரி முழுக்க வார்டு வராண்டா. தூக்கம் இல்லை, கொசு உண்டு.

ரூல் போட்ட பேப்பரில்தான் அம்மா எனக்குத் தையல் பழக்கினாங்க. நூல் கோக்காத ஊசி, நோட்டுப் புத்தகத் தாள். கோட்டு மேலேயே ஓட்டணும். விலகினா ஓட்டை ஓட்டையாத் தெரியும், மழுப்ப முடியாது. மூணு மாசம் நூலையே கண்ணில் காட்டலை. சக்கரத்தை முதலில் கையால் நம்ம பக்கமாத் தள்ளிட்டு மிதிக்கணும், இல்லேன்னா பின்னால சுத்தி நூல் அறுந்துடும். அறுந்தா நடுமண்டையில் குட்டு. அப்பா நைட் ஷிப்டு முடிச்சுத் தூங்குவார், அதனால சத்தமில்லாத குட்டு.

இடது கையால துணியைப் பின்னாலிருந்து இழுக்கக் கூடாதும்பாங்க. "பல்லு தானே தள்ளும், நீ சும்மா கூடப் போ."

அந்தப் பச்சை யாருது?

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அம்மா இருந்தா (இருக்காங்க, என்ன எழுதறேன்) நேத்தே பாபின் கேஸைக் கழட்டி, பஞ்சு எடுத்து, எண்ணெய் விட்டு, துடைச்சு, சந்தனம் வெச்சிருப்பாங்க. நான் இன்னைக்கு ஓடிப் போய் அதையெல்லாம் செஞ்சேன். பொரி, கடலை. கத்தரிக்கோலுக்கும் இன்ச் டேப்புக்கும் பொட்டு.

துடைக்கும்போது அடியில் எண் தெரிஞ்சது. இ.எஃப்.னு ஆரம்பிக்குது. போனில் தேடினேன். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க்னு ஒரு ஊர், அங்கே இருந்த சிங்கர் ஃபேக்டரியில் செஞ்சது. 1980ல் அதை மூடிட்டாங்களாம். அந்த ஊர் ரயில்வே ஸ்டேஷன் ஒண்ணுக்கு இன்னைக்கும் பேரு சிங்கர். அப்பாகிட்ட சொல்லியிருந்தா சிரிச்சிருப்பார். மில்லு போச்சு, பஸ் நிக்குது.

அக்டோபர் 12

விஜயதசமி. நல்ல நாள்னு டீச்சர் ஜாக்கெட்டை ஆரம்பிச்சேன். மூணு தடவை நூல் அறுந்தது. என் வீட்டு மெஷின் மோட்டார், கால் பழக்கமே போயிடுச்சு. நல்லவேளை குட்ட ஆளில்லை. எழுதிட்டு, எழுதினது எனக்கே பிடிக்கலை.

அக்டோபர் 17

ஒன்பது பை முடிச்சேன். பழைய ஜாக்கெட்டைத் திருப்பி உள்பக்கம் பார்த்தா ஆளோட கதையே இருக்கும். டீச்சருடையதில் பக்கத் தையலை மூணு தடவை பிரிச்சு விட்டிருக்கு, ஊசி ஓடின தடம் புள்ளி புள்ளியா நிக்குது. பழக்கடை மருமக பிள்ளை பெத்துப் பெருத்து மறுபடி இளைச்சிருக்கா. முள்ளோடை பெரியம்மாவுக்கு வலது தோள் மட்டும் இறக்கம், குடம் தூக்கின தோள். ஊர்ல யார் இளைச்சா யார் பெருத்தானு அம்மாவுக்குப் புருஷன்மாருக்கு முன்னாலயே தெரியும். வெளியே மூச்சு விட மாட்டாங்க. நீள நோட்டு ஒண்ணு, மெஷின் வலது டிராயரில். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் தேதி. எனக்கு வேண்டியதை மட்டும் பார்த்துட்டு அங்கேயே வெச்சேன்.

டீச்சர் போட்டுப் பார்த்துட்டு, "நல்லாத்தான் இருக்கு... அம்மா தைச்சா அக்குள் பிடிக்காது." சரி.

அக்டோபர் 23

டிஸ்சார்ஜ். முதலியார்பேட்டை, எங்க வீட்டு மாடிக்கு நாற்காலியோட தூக்கினாங்க. பாதிப் படியில் "இந்தா, இந்தா"ன்னு இவர் சட்டையைப் பிடிச்சிக்கிட்டாங்க. இவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு, வியர்வைன்னார்.

அக்டோபர் 26, சனி

ஆஸ்பத்திரியில் முதல் நாள் கொடுத்த பிளாஸ்டிக் பையை இன்னைக்குத்தான் பிரிச்சேன். புடவை, பாவாடை, ஜாக்கெட். அவசரத்தில் ஜாக்கெட்டை முன்பக்கம் கத்தரியால வெட்டியிருக்காங்க, கோணல்மாணலா. பழக்க தோஷம், திருப்பிப் பார்த்தேன்.

பக்கத் தையல் நாலு வரி. முதல் வரி அதே துணி நிறத்தில், பழுப்பு. அதுக்கு அரை இன்ச் உள்ளே கறுப்பு நூல். இன்னும் அரை இன்ச் உள்ளே வெள்ளை. இன்னும் அரை இன்ச், மெரூன். மெஷினில் அப்போ எந்த நூல் இருந்ததோ அது. ரெண்டு பக்கமும் அப்படியே. டேப் வெச்சேன். 38. 36. 34. 32.

32.

பச்சை அம்மாவுடையது. உள்ளே துணி சேர்ந்து சேர்ந்து அக்குளில் உறுத்தியிருக்கும், புதுசு வெட்டியிருக்காங்க. தனக்குச் சீட்டு எதுக்கு?

தினம் சாயங்காலம் போன் பேசினேன். போனில் என்ன தெரியும்? மாசத்துக்கு ஒரு தடவை போவேன், புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கிட்டு காபி போடுவாங்க. "இளைச்சுட்டியாம்மா"ன்னு கேட்ட ஞாபகம் இருக்கு. "வெயில்டீ"ன்னாங்க. அது எந்த வருஷ வெயில்? ஊர் முழுக்க அளவு படிக்கத் தெரிஞ்சவ நான்.

நோட்டில் தேதி இருக்கும். கறுப்பு எப்போ, வெள்ளை எப்போ, மெரூன் எப்போ.

அக்டோபர் 31

தீபாவளி. அம்மாவுக்கு நைட்டிதான். நைட்டி போட்டுக்கிட்டு வாசலுக்கு வரக் கூடாதுன்னு என்னை எத்தனை திட்டியிருப்பாங்க. நெற்றியில் எண்ணெய் வெச்சேன்.

நவம்பர் 3

அண்ணன் ஆல்பேட்டை போய் வந்தார். வீட்டை என்ன செய்யறதுன்னு பேச்சு. கீழ்வீட்டுக்காரர் விலை கேட்டாராம். நான் ஒண்ணும் சொல்லலை. "அந்த நோட்டு கொண்டு வந்தியாண்ணே?" "எந்த நோட்டு?"

நவம்பர் 10, ஞாயிறு

தேவனாம்பட்டினத்தில் இருந்து ஒரு அம்மா வந்தாங்க, கூடையில் வஞ்சிரம். அம்மா கையைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்தாங்க. சுனாமி சமயம் பழக்கம்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அதுக்கப்புறம் லாரி லாரியா துணி வந்து இறங்கிச்சு. பாதி கந்தல், ரோட்டோரம் மலையாக் கிடந்து நனைஞ்சது. யாரும் தொடலை, தொடுவாங்களா? கட்டினதோட உயிர் பிழைச்சவங்கன்னா மானம் போயிடுச்சா? நல்ல புடவையும் வந்தது, ஆனா ஜாக்கெட் யாருக்கும் சேரலை. புடவை எல்லாருக்கும் பொருந்தும். அம்மா டிரை சைக்கிளில் மெஷினைக் கட்டி எடுத்துக்கிட்டுக் கல்யாண மண்டபத்துக்குப் போனாங்க. பதினோரு நாள். டேப் எடுக்கலை. பிள்ளையைப் பறிகொடுத்தவகிட்ட கையைத் தூக்குன்னு சொல்ல முடியுமான்னு கேட்டாங்க. கண்ணால பார்த்தே வெட்டினாங்க.

வந்த அம்மா, "எனக்கு ஒரே தடவையில் சரியா இருந்துச்சு"ன்னாங்க. அம்மா சிரிச்சாங்க. ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு.

கண்ணால பார்த்தே அளவு சொல்றவங்க. அவங்களை யார் பார்த்தது?

நவம்பர் 19

பிசியோ சொன்னது: உடுத்தும்போது பலமில்லாத கையை முதலில் நுழைக்கணும், கழட்டும்போது அதைக் கடைசியில் எடுக்கணும். எளிசு. அப்போ ஜாக்கெட்டும் போடலாம்தானே? வலது பக்கத் தையலைத் திறந்து விட்டு நாடா வெச்சா?

பச்சைத் துண்டை எடுத்து அம்மா மடியில் வெச்சேன். இடது கைப் பெருவிரலும் ஆள்காட்டியும் துணி ஓரத்தை நெருடிக்கிட்டே போச்சு, எது நேர் இழை எது குறுக்குன்னு பார்க்கறப்போ நெருடற அதே மாதிரி. அப்புறம் என்கிட்ட நீட்டி, "இந்தா."

ரொம்பப் பெருமையா இருக்கக் கூடாது. அஞ்சு நிமிஷம் கழிச்சு இட்லியையும் அப்படித்தான் நீட்டினாங்க.

நவம்பர் 30, சனி

புயல். பெஞ்சல்னு பேரு, மரக்காணம் பக்கம்னாங்க, மகாபலிபுரம்னாங்க, நம்ம தலையில் உட்கார்ந்திருக்கு. சாயங்காலமே கரண்ட் இல்லை. ஜன்னல் சந்துக்கெல்லாம் துணி திணிச்சேன், பாதி வெட்டுத்துணி. மெஷின் ஓடாது. எமர்ஜென்சி லைட்டை ஸ்டூலில் வெச்சு, பச்சையைக் கையாலயே தைக்க ஆரம்பிச்சேன். கெட்டித் தையல், ஒவ்வொண்ணும் பின்னால போய் முன்னால வரணும். மழை சத்தத்தில் எதுவும் கேட்கலை. அம்மா தூங்கலை, ஊசியையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. தோள் சேர்த்து, பட்டி வெச்சு, ஒரு கை ஏத்தி, நிமிர்ந்தா மணி மூணு.

டிசம்பர் 1

புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேலயாம். கீழ்வீட்டில் கட்டில் மிதக்குது. மிலிட்டரி வந்திருக்காங்க, படகு. கீழ்வீட்டார் எல்லாம் இங்கேதான். பதினோரு பேருக்கு உப்புமா.

ஜாக்கெட் முடிஞ்சது. முதலில் வலது கை, அப்புறம் இடது. நாடா கட்டினேன்.

லூசு. பக்கத்துக்கு அரை இன்ச்.

டிசம்பர் 3

நேத்து விடிகாலை சாத்தனூர் அணையில் 1,68,000 கனஅடி திறந்திருக்காங்க. பெண்ணையாறு கரை தாண்டிடுச்சு. குண்டு உப்பலவாடி, நாணமேடு, இந்தப் பக்கம் பாகூர், எல்லாம் தண்ணி. பஸ் இல்லை.

எதிர்வீட்டு அக்கா பையன் போன்: "வீட்டுக்குள்ள இடுப்பளவுக்கா. மெஷின் தலையை மட்டும் கழட்டிப் பரண்ல வெச்சுட்டேன். மீதியைத் தூக்க முடியலை." பிள்ளை நல்லா இருக்கணும். தலையே அவ்வளவு கனம் இருக்கும்.

மீதின்னா டிராயரும்.

டிசம்பர் 8, ஞாயிறு

போனேன். சுவரில் கோடு என் தொப்புள் உயரத்துக்கு. வண்டல் அப்பளம் மாதிரி வெடிச்சுக் கிடக்கு, நாத்தம். அளவு ஜாக்கெட் ரெண்டு ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தது, யாருதோ. தலைக்குத் தண்ணி படலை, ஆனா காத்தில் உப்பு, சக்கரம் இறுகிடுச்சு. கெரசின் தேடி அலைஞ்சேன், யார்கிட்டயும் இல்லை. கடைசியில் மெஷின் ஆயிலையே ஊத்தி, துடைச்சு, ஊத்தி. நாலு மணிக்கு அசைஞ்சது. இரும்புக் கால் துருவோட நிக்குது, அதுக்கு ஒண்ணும் ஆகாது. தோல் பெல்ட் ஊறி முறுக்கிப் போச்சு. மேஜைப் பலகை உப்பிடுச்சு. இடது டிராயர் வந்துடுச்சு: சாக்கட்டி கரைஞ்ச சேறு, ஹூக்கு டப்பா, ஒரு பாபின்.

வலது டிராயர் வரலை.

டிசம்பர் 10

பச்சையில் ஒரு தையல் பிடிச்சேன். நூல் நீலம். வேற இல்லை.

டிசம்பர் 14, சனி

நேத்து கார்த்திகை தீபம், மழையில் ரெண்டு அகல்தான் நின்னுது. அம்மா மூணு வேளையும் சாப்பிடறாங்க, டாக்டர் ரத்தம் எழுதிக் கொடுத்திருக்கார், திங்கள்கிழமை எடுக்கணும்.

இன்னைக்கு மறுபடி ஆல்பேட்டை. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன், பலகை விரியற சத்தம் கேட்டது, விட்டுட்டேன். உள்ளே இருக்கறது பேனா மையா, பென்சிலான்னு ஞாபகப்படுத்திப் பார்க்கறேன். பென்சில்னா நிக்கும். அளவெல்லாம் அம்மா பென்சிலில்தான் எழுதுவாங்கன்னு நினைக்கறேன். தேதி மட்டும் பேனாவோ?

ஆசாரி புதன்கிழமை வரேன்னார்.