விசில் நம்ம வாயில் இருந்தால்தான் தெரிகிறது

நேற்று சாயங்காலம் தூத்தூர் பக்கம் ஒரு செவன்ஸ் ஆட்டம், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. நடுவர் வரவில்லை என்று விசிலை என் கையில் திணித்துவிட்டார்கள்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒருவன் காலை நீட்டிச் சறுக்கி வந்தான். பந்தும் போனது, எதிராளியின் கணுக்காலும் போனது. காலுறை கிழிந்து, பூட்ஸ் முள் பட்ட இடத்தில் மூன்று சிவப்புப் புள்ளி. "அண்ணே, பந்தைத்தான் தொட்டேன், சத்தியமா!"

பந்தை முதலில் தொட்டால் ஃபவுல் இல்லை என்பது நம்ம ஊர்ச் சட்டம். ஆட்ட விதி 12 அப்படிச் சொல்லவில்லை. கவனக்குறைவு என்றால் ஃப்ரீ கிக் மட்டும். அடுத்தவனுக்கு என்ன ஆகும் என்று பாராமல் பாய்ந்தால் மஞ்சள் அட்டை, அதாவது எச்சரிக்கை. அளவு மீறிய பலம் என்றால் சிவப்பு, ஆள் வெளியே. நான் மஞ்சள் என்றேன் (கார்டு ஏது, வாயால்தான்). சிவப்பாக இருந்திருக்கலாமோ என்று இப்போதும் உறுத்துகிறது.

2010 உலகக் கோப்பை இறுதியில் நெதர்லாந்தின் டி யோங், ஸ்பெயினின் அலோன்சோவின் நெஞ்சில் உதைத்தபோது நடுவர் ஹோவர்ட் வெப் மஞ்சளோடு விட்டார். அன்று டிவி முன்னால் அவரை நான் திட்டாத திட்டு இல்லை. தனக்குப் பார்வை மறைந்திருந்தது என்று அவர் பிறகு சொன்னார். அந்த ஒரு ஆட்டத்தில் மட்டும் 14 மஞ்சள் அட்டை. உலகக் கோப்பைக்கு வீடியோ நடுவர் வந்ததோ 2018இல்தான். பாவம் மனுஷன்.

ஆட்டம் முடிந்ததும் இடித்தவனே மீன் பெட்டியிலிருந்து ஐஸ் அள்ளி வந்து அடிபட்டவன் காலில் வைத்துக்கொண்டிருந்தான். எனக்குத்தான் இரண்டு டீமிலும் யாரும் டீ வாங்கித் தரவில்லை.