கர்மேல் மலையில் மழை

ஞாயிறு பள்ளியில் கர்மேல் பர்வதம் என்றாலே, தீர்க்கதரிசி எலியாவுக்கும் பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகளுக்கும் நடந்த போட்டியில் வானத்திலிருந்து இறங்கிய அக்கினிதான். அந்த மலையில் முஹ்ரகா என்ற இடத்தில், கர்மேல் சபைத் துறவிகளின் மடத்து மொட்டைமாடியில் நின்றபோது எனக்குத் தோன்றியது வேறு. அன்று நடந்த வழக்கு மழை யாருடையது என்பதுதான். நெருப்பு அதற்குக் கிடைத்த தீர்ப்பு.

ஹைஃபாவிலிருந்து தென்கிழக்கே, துரூஸ் சமயத்து மக்கள் வாழும் தாலியத் அல் கர்மேல் ஊரைத் தாண்டிப் போகவேண்டும். நாங்கள் போனது கோடையின் கடைசியில். கிழக்கே யெஸ்ரயேல் பள்ளத்தாக்கு விரிந்து கிடந்தது, அறுவடை முடிந்த வயல்கள் பழுப்பாக. எலியா பாகால் தீர்க்கதரிசிகளைக் கொண்டுபோய் வெட்டிய கீசோன் ஆறு அடிவாரத்தில்தான் இருக்கிறது.

எகிப்துக்கு நைல் உண்டு. இந்தத் தேசமோ வானத்து மழையைக் குடிப்பது என்கிறது வேதாகமத்தின் உபாகமம் 11-ஆம் அதிகாரம். முன்மாரி, பின்மாரி என்ற இரு பருவ மழையும் கர்த்தர் கையில். அவர் வானத்தை அடைத்தால் பிழைப்பு இல்லை. அப்படிப்பட்ட மண்ணில் இஸ்ரவேலை ஆண்ட ஆகாப் ராஜா பாகாலுக்குக் கோவில் கட்டினான். சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929-ல் தோண்டத் தொடங்கியபின் கிடைத்த களிமண் பலகைகளில் பாகால் மேகத்தின்மேல் ஏறிவருபவன், இடியும் மழையும் தருபவன். ஆக, என் வாக்கின்படியே அன்றிப் பனியும் மழையும் பெய்யாது என்று எலியா சொன்னது, பாகாலுக்கு உரியது என்று ஜனங்கள் நம்பிய இடத்திலேயே கைவைத்த சொல். பஞ்சத்தில் கர்த்தர் எலியாவைப் போஷித்ததும் எங்கே? சீதோன் நாட்டுச் சாறிபாத்தில், ஆகாபின் மனைவி யேசபேலின் தகப்பன் ஆண்ட சீமையில்! வாசிக்க வாசிக்க மெய்சிலிர்க்கிறது.

சரி, பலியின்மேல் அக்கினி இறக்குகிற தெய்வமே தெய்வம் என்பதுதான் போட்டி. பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேரும் காலையிலிருந்து கூப்பிட்டார்கள். மின்னலுக்கு அதிபதி என்றவனிடமிருந்து ஒரு பொறி வரவில்லை. எலியாவோ அந்த வறட்சியிலும் நாலு குடம் தண்ணீரை மூன்று தரம் பலியின்மேல் ஊற்றச் சொன்னார். இனி மழை வரும் என்ற நிச்சயம் இல்லாதவர் அப்படிக் கொட்டமாட்டார்.

மடத்து முற்றத்தில் எலியா வாளை ஓங்கி நிற்கும் கற்சிலை இருக்கிறது. எல்லாரும் அதன்முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ, அக்கினி இறங்கியபின் தரையில் குனிந்து, முகம் முழங்கால்களில் பட ஜெபித்த எலியாதான் பெரியவராகத் தெரிகிறார். மழையைக் கட்டளையிடுவேன் என்று கர்த்தர் முன்பே சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் மேகம் தெரிகிறதா என்று வேலைக்காரன் ஏழுதரம் கடலைப் பார்த்துவரும்வரை எலியா எழுந்திருக்கவில்லை. வாக்குத்தத்தம் கையில் இருந்ததால்தான் அவ்வளவு நேரம் கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சிற்றாலயத்தில் ஜெபித்துவிட்டு அப்படியே இறங்கிவிடாதீர்கள். மாடிக்குப் போய், கடல் இருக்கும் மேற்குப் பக்கம் திரும்பி, 1 இராஜாக்கள் 18-ஐ 41-ஆம் வசனத்திலிருந்து சத்தமாக வாசியுங்கள். வானம் தெளிவாக இருந்தால் மத்தியதரைக் கடல் கண்ணுக்குத் தெரியும். உள்ளங்கை அளவு மேகம் எழும்பியது அங்கேயிருந்துதான்.